கண்ணாடி ஏற்றிய பிக்கப்

அந்தமானில் திக்லிபூர்ப் பக்கம் என்னோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் முட்டி வலியும் சர்க்கரையும் வந்துவிட்டன. பாதிப் பேர் மெயின்லேண்டுக்குப் போய்விட்டீர்கள். மீதிப் பேரை யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பார்த்தால், முகத்தைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகிறது. இந்த வயதில் ஒரு செய்தி என்னைப் புரட்டிப் போடும் என்று நான் நினைக்கவில்லை. போன மாதம் அப்படித்தான் ஆனது. இன்னும் சரியாகத் தூக்கம் இல்லை.

எங்கள் பச்சைப் பிக்கப் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு காண்டிராக்டரிடம் அப்பா வாங்கிய பழைய பெட்ரோல் வண்டி. பாக்கு, தேங்காய், வாழைத்தார் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏரியல் பே ஜெட்டிக்குப் போகும். உப்புக்காற்று அதைக் கீழேயிருந்து தின்றுகொண்டே வந்தது. கேபினில் கால் வைக்கும் இடத்தில் தகரம் பொத்தல் பொத்தலாக இருக்கும். குனிந்தால் ரோடு ஓடுவது தெரியும். அப்பா அதன்மேல் ஒரு தென்னை நார் மேட்டை விரித்திருந்தார். ஈரப் பாக்கு, பெட்ரோல், நார் மேட்டின் மக்கல், மூன்றும் கலந்த ஒரு வாடை அந்தக் கேபினில் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு என்னை அதில் கொண்டுவந்து விடும் நாட்களில் உங்களில் சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள்.

எனக்குப் பத்து வயது. தம்பிக்கு நாலு. அந்த மழைக்காலத்தில்தான் வண்டிக்கு அந்தச் சீக்கு வந்தது.

ஓடும்போது வண்டி ஒன்றும் சொல்லாது. அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், உடம்பு முழுக்க ஒரு உதறல் உதறும், இருமும், நின்றுவிடும். மாடு குறுக்கே வந்தால் நின்றுவிடும். தெரிந்தவர் கை காட்டினால் நின்றுவிடும். பேட்டரியும் கிழம். ஒருமுறை நின்றால் நாலு பேர் தள்ள வேண்டும். அதனால் அப்பா யாரைப் பார்த்தாலும் நிற்காமல் கத்திக்கொண்டே போவார். பாக்குக்காரர் திமிர் பிடித்தவர் என்று ஊரில் பேச்சு வந்ததற்கு இதுதான் காரணம்.

தம்பிக்கு இது பெரிய விளையாட்டு. வாசலில் நின்றுகொண்டு "டுக் டுக் டுக் டுக்" என்று வண்டி மாதிரி சத்தம் கொடுப்பான். அம்மா "ஆஃப்!" என்றால் உடம்பை உதறி, இரண்டு தடவை இருமி, தரையில் விழுந்து கிடப்பான். நான் போய்த் தள்ளினால்தான் எழுந்திருப்பான்.

ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மலையாளிச் சேட்டன் கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வாயில் வைத்து ஊதி, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "கச்ரா பர்கயா தா. அப் டீக் ஹை" என்றார். குப்பை அடைத்திருந்ததாம், சரியாகிவிட்டதாம். இரண்டு நாள் ஓடியது. மறுபடி உதறல். பிறகு பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார்கள். கப்பலில் பீப்பாயில் வரும் பெட்ரோல்தானே. அம்மா தன் பழைய புடவையை நாலாக மடித்துப் பிடிக்க, அப்பா அதன் வழியாக ஊற்றினார். அதுவும் உதவவில்லை. பிளக் மாற்றினார்கள். ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே என்று திருகித் திருகி அப்பாவின் விரல் நுனி கறுத்துப்போனது.

கடைசியில் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சோக்குக் குமிழை இழுத்துவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போய், வண்டி நிற்காமல் ஓடும். ஆனால் அந்தக் குமிழ் தானாக உள்ளே போய்விடும். அம்மாவின் துணிக்கொடியிலிருந்து ஒரு மரக் கிளிப்பை எடுத்து, இழுத்த சோக்குக் கம்பியில் மாட்டினார். வண்டி கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டு டுடுடுடுவென்று விடாமல் ஓடியது.

"பாத்தியா! இனி தள்ள வேண்டியதில்ல," என்று அம்மாவிடம் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

சைலன்சர் குழாய் கேபினுக்கு நேர் கீழே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. பால் பவுடர் டின்னை வெட்டி, அதைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தார். அது ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த மாதத்தில்தான் அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பஜாருக்கு வண்டியில் போய் வந்தால், நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். வாந்தி எடுப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே, "மூணாவதா?" என்றார்கள். அப்பாவும் கொஞ்ச நாள் சிரித்த முகத்தோடு இருந்தார். அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அத்தைதான் முதலில் பேசினாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள்.

"சீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. பாக்கு உரிக்கிற அன்னைக்குத்தான் தல வலிக்கும் அவளுக்கு," என்றாள்.

"மதினி, வண்டில ஏறுனாலே குமட்டுது. அந்தப் பொகை வாடை," என்றாள் அம்மா.

"நாங்க ராமநாதபுரத்துலேர்ந்து நாலு நாளு கப்பல்ல வந்தோம். குமட்டுச்சுன்னு படுத்துக்கிட்டோமா?"

எனக்கும் அந்த வண்டியில் தலை கனக்கும். ஆனால் கேபினின் என் பக்கத்துக் கதவில் கண்ணாடி ரப்பர் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் மூக்கை வைத்துக்கொண்டு வருவேன். கடல் வாடை வரும். அது எனக்குப் பிடிக்கும். தம்பிக்கு சீட்டில் உட்காரப் பிடிக்காது. அம்மாவின் காலடியில் நார் மேட்டின்மேல் உட்கார்ந்து, பொத்தல் வழியாக ரோடு ஓடுவதைப் பார்ப்பான்.

தலைவலி நிற்கவில்லை. போர்ட் பிளேருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று அப்பாவே ஒருநாள் சொன்னார். அம்மா மேல் அவருக்குப் பிரியம் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். கப்பல் வரும் நாளன்று பாக்கு மூட்டையையும் ஏற்றி, எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஜெட்டிக்குக் கிளம்பினார். அம்மா முந்தின ராத்திரி வறுத்த மீனும் சோறும் டப்பாவில் கட்டி எடுத்திருந்தாள்.

மழை. நம் ஊர் மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெட்டியும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. கப்பலையும் காணோம். வண்டியின் பின்பக்கம் குடோன் சுவரை ஒட்டும்படி அப்பா நிறுத்தினார்.

"ஆஃப் பண்ணா இந்த மழையில யாரு தள்ளுவா? ஓடட்டும். கண்ணாடிய நல்லா ஏத்திக்கிட்டு உள்ளயே இருங்க. புள்ளைக நனையப் போகுது. கப்பல் கண்ணுல தெரிஞ்சதும் வாரேன்," என்று சொல்லிவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எதிரே இருந்த ஷெட்டுக்கு ஓடினார். அங்கே ஆண்கள் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள்.

நாங்கள் உள்ளே சாப்பிட்டோம். அம்மா மீனில் முள் எடுத்துத் தம்பிக்கு ஊட்டினாள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. தம்பி அதில் விரலால் கப்பல் போட்டான். பிறகு கீழே நார் மேட்டில் சுருண்டு படுத்துக்கொண்டான். வண்டி டுடுடுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. கேபின் கதகதப்பாக இருந்தது. அம்மா டிரைவர் பக்கத்துக் கதவில் தலையைச் சாய்த்தாள். நான் வழக்கம்போல என் பக்கத்துக் கிழிசலில் மூக்கை வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வண்டிக்குள் வாந்தி எடுத்தால் அப்பா அடிப்பார் என்ற பயத்தில் கதவுக் கைப்பிடியைத் தேடினேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். கதவு திறந்து, அப்படியே தலைகுப்புறச் சேற்றில் விழுந்தேன். மழை முதுகில் அடித்தது. எழுந்திருக்க முடியவில்லை. வாந்தி எடுத்தேன். திரும்பிப் பார்த்தால், அவ்வளவு சத்தத்துக்கும் அம்மா அசையவில்லை. தம்பி நார் மேட்டில் படுத்திருந்தான்.

நான் கத்தினேன். மழையில் என் சத்தம் ஷெட்டுக்குப் போகவில்லை. சேற்றில் முழங்காலால் தவழ்ந்து போய்க் கத்தினேன்.

முதலில் ஓடி வந்தவர் கப்பல் எஞ்சினில் வேலை செய்யும் ஒரு ஆள். லீவு முடிந்து அந்தக் கப்பலுக்காகவே காத்திருந்தவர். கேபினுக்குள் தலையை விட்டவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "அரே, கேஸ் லக் கயா! கேஸ்! பாஹர் நிகாலோ!" என்று கத்தினார், கேஸ் தாக்கிவிட்டது, வெளியே எடுங்கள் என்று. மற்றக் கதவையும் திறந்து அம்மாவை மழையில் இழுத்துப் போட்டார். கையை உள்ளே விட்டு எஞ்சினை அணைத்தார். பிறகு, பின்னாலேயே ஓடி வந்து தம்பியைத் தூக்கிய அப்பாவின் தோளைப் பிடித்து, வண்டிக்கு அடியில் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. தம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தம்பியின் கன்னம் ரோஸ் நிறத்தில் இருந்தது. உதடு சிவப்பாக இருந்தது. யாரோ ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கான். தூங்குறான், பாருங்க, எவ்ளோ கலரா இருக்கான்," என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் போய், விளையாட்டில் செய்வதுபோல அவனைத் தள்ளினேன்.

அவன் எழுந்திருக்கவில்லை.

பக்கத்து மருந்தகத்தில் டாக்டர் இல்லை. கம்பவுண்டர் மட்டும் இருந்தார். அம்மாவும் நானும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மீன் என்றோம். எப்போது வறுத்த மீன்? நேற்று ராத்திரி. அவர் தலையை ஆட்டினார். கூட வந்தவர்களில் ஒருவர், "அந்தக் கப்பல்காரரும் கேஸ், கேஸ்னுதான் சொன்னாரு. வயித்துல கேஸ் ஏறிடுச்சு போல," என்றார். கப்பல்காரர் அதற்குள் கப்பல் ஏறிப் போய்விட்டார். அப்பா சுவரோரமாக நின்றார். அவர் வாயைத் திறக்கவில்லை.

தம்பியை மறுநாள் புதைத்தார்கள். அம்மாவுக்கு அப்போதும் சரியாக நிற்க முடியவில்லை. இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, ஊரே கேட்க, "பழைய மீன ஒங் கையாலேயே ஊட்டி அனுப்பிட்டியேடி!" என்று அழுதாள்.

அந்த ஒரு வார்த்தை ஊரில் நின்றுவிட்டது. உங்கள் வீடுகளிலும் பேசியிருப்பார்கள். நம் வகுப்பில் ஒருத்தி, எங்கள் வீட்டு முறுக்கை வாங்கி, நான் பார்க்காதபோது வேலிக்கு வெளியே போட்டாள். யார் என்று எழுத மாட்டேன். அவளுக்குத் தெரியும். விசேஷ வீடுகளில் அம்மா சமையல் பக்கம் போனால், "நீ உக்காரு, நாங்க பாத்துக்குறோம்," என்று கரண்டியை வாங்கிக்கொள்வார்கள். அம்மா அதன்பிறகு மீன் சமைக்கவில்லை. எந்தக் குழந்தைக்கும் கையால் ஊட்டவில்லை. என் மகன் பிறந்து, அவனுக்கு முதல் சோறு கொடுக்கும் நாளில், கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்தேன். கிண்ணத்தை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்பா இறந்து பல வருஷமாகிறது. அம்மா இப்போது போர்ட் பிளேரில் என்னோடு இருக்கிறாள்.

போன மாதம் என் மகன் பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று வாங்கிவந்தான், தண்ணீர் கேன் போட. வாங்கிய மூன்றாம் நாளே ஐடிலிங் நிற்கவில்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் உதறி அணைந்தது. நான் வாசல் படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் பானெட்டைத் திறந்து வைத்து, போனைப் பேட்டரிமேல் சாய்த்து, ஏதோ வீடியோ போட்டிருந்தான். மெயின்லேண்டுப் பையன் ஒருவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான். ஐடிலிங் ஏறி இறங்கினால் முதலில் ரப்பர் ஹோஸில் விரிசல் இருக்கிறதா பாருங்கள், காற்று புகுந்தால் இப்படித்தான் உதறும் என்றான். அது இல்லையென்றால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள் என்றான். எனக்குப் பழைய ஞாபகம் வந்து சிரிப்புக்கூட வந்தது.

பிறகு அவன் குரலை மாற்றிச் சொன்னான். "ஒண்ணு மட்டும் பண்ணிராதீங்க. ஐடிலிங் நிக்கலன்னு சோக்கப் போட்டு வண்டிய ஓட விட்டுட்டு, கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ள உக்காராதீங்க. சைலன்சர் லீக் இருந்தா அந்த கேஸ் உள்ள வந்துரும். தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கம் வரும். அப்புறம் எந்திரிக்கவே மாட்டீங்க. மூஞ்சி செவசெவன்னு ஆயிடும், பாக்குறவங்க தூங்குறாங்கன்னுதான் நெனப்பாங்க."

கீரைத் தட்டு என் மடியிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

"அம்மா, கெடச்சிருச்சு! இங்க பாரு, இந்த ஹோஸ்தான் கிழிஞ்சிருக்கு!" என்று மகன் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர்த் துண்டைத் தூக்கிக் காட்டினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். எங்கள் பச்சை வண்டிக்கும் சீக்கு அதுதானா, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்று இருந்தது. கேஸ், கேஸ் என்று மழையில் கத்திய அந்த ஆளின் குரல் மட்டும் காதில் விடாமல் கேட்டது. அத்தனை பேர் கேட்டோம். தமிழ் தெரிந்தவர்கள், இந்தி தெரிந்தவர்கள், எல்லாரும்தான் கேட்டோம்.

அம்மாவிடம் சொல்லலாமா, இந்த வயதில் அவள் தாங்குவாளா என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், அவள் டீ குடித்து முடித்த பிறகு சொன்னேன். வண்டி, சோக்கு, கிளிப், சைலன்சர், எல்லாவற்றையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அம்மா அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். நெடுநேரம் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் கதவக் கழட்டுனாரா?" என்றாள்.

"என்னம்மா?"

"புள்ளையப் பொதைச்சிட்டு வந்த மறுநாளு காலைல, வண்டிக் கதவு ரெண்டையும் கழட்டிக் கெணத்தடில போட்டாரு. ஏன்னு கேட்டேன். துரு புடிச்சிருச்சுன்னாரு. அப்பறம் நம்மள யாரையும் முன்னாடி ஏத்தல. மழையானாலும் பின்னாடி தார்ப்பாய்க்குள்ளதான்."

அந்த வண்டி கதவில்லாமல் ஓடியது எனக்கும் நினைவிருந்தது. மழையில் நனைந்துகொண்டே அப்பா ஓட்டுவார். நீங்களெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். எப்போதிலிருந்து, எதற்காக என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் அம்மா. சத்தம் வெளியே வரவில்லை. உதடுதான் அசைந்தது. பிறகு மறுபடி, சத்தமாக, "அவருக்குத் தெரிஞ்சிருக்குடி!" என்றாள்.

நான் அவள் தோளைத் தொடப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"எத்தன வருஷம் எங்கூடப் படுத்து எந்திரிச்ச மனுஷன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சொல்லியிருக்கலாமே. ஊருக்குச் சொல்ல வேணாம். என் காதுல சொல்லியிருக்கலாமே."

சொல்லப் பயந்தாரா, முதல் நாள் சொல்லாததால் பிறகு சொல்ல முடியாமலே போனதா? கேட்பதற்கு அவர் இல்லை. கிண்ணத்தை அம்மா என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அம்மா என் போனைக் காட்டி, "போனப் போடு," என்றாள்.

"யாருக்கும்மா?"

"ஒங்க அத்தைக்கு."

அத்தை இன்னும் திக்லிபூர்ப் பக்கம்தான், மகள் வீட்டில் இருக்கிறாள். படுக்கைதான். காதும் சரியாகக் கேட்பதில்லை. மகள் போனை அத்தையின் காதில் வைத்தாள். அம்மா என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நாந்தான். எம் புள்ளைய மீனு கொல்லல. வண்டிப் பொகைதான் கொன்னுச்சு. நான் கொல்லல. ஒங்க தம்பிக்கு அது தெரியும்."

"யாரு? என்ன சொல்றா? சத்தமாச் சொல்லச் சொல்லு!" என்றது அத்தையின் குரல்.

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். "நீ சொல்லு."

நான் எழுந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, கத்திச் சொன்னேன். தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அத்தை, "ஆத்தா... நான் ஊரு பூராவும் சொல்லிட்டேனே," என்றாள். "வீடு வீடாச் சொல்லிட்டேனே ஆத்தா."

அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீடு வீடா போயித் திருப்பிச் சொல்லச் சொல்லு," என்றாள்.

அத்தையால் இனி கட்டிலைவிட்டு இறங்க முடியாது. அதனால் நான் சொல்கிறேன். உங்கள் அம்மாக்கள், அக்காக்கள் யாராவது இருந்தால், அவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். என் தம்பியை மீன் கொல்லவில்லை. என் அம்மா கொல்லவில்லை.